டின் சொல்வதும் கல்லா சொல்லாததும்

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு எனர்ஜி டிரிங்க் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் சட்டம் போட்ட நாடு லிதுவேனியா. 2014 நவம்பர் 1 அன்று அந்தத் தடை அமலுக்கு வந்தது. 2016இல் லாட்வியா அதே வழியில் சென்றது. 2024இல் போலந்தும் ருமேனியாவும் சேர்ந்துகொண்டன. கஜகஸ்தான் ஒரு படி மேலே போய் வயது வரம்பை 21 என்று வைத்தது. பிரிட்டனில் மட்டும் இதே யோசனை 2018 முதல் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. தடை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தங்கள் வாதங்களை அங்கே நாடாளுமன்றக் குழு முன்பும் பொது மன்றத்திலும் விரிவாக வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சட்டம் எதற்காக, யாருக்காக, எப்படி என்பதைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனின் கதையே நல்ல பாடம்.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஒரு லிட்டரில் 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் சேர்க்கப்பட்டிருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். கோலா பானங்களில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைச் சுற்றித்தான் காஃபீன் இருக்கும் என்பதால் அவை தப்பிவிடுகின்றன. பெயர் பெற்ற எனர்ஜி டிரிங்குகளில் லிட்டருக்கு 320 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். காபிக்கும் தேநீருக்கும் இந்தக் கணக்கு கிடையாது.

டின்னின் பின்பக்கம்

பிரிட்டனில் விற்கும் அரை லிட்டர் டின் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், முன்பக்கம் முழுக்கச் சின்னமும் வண்ணமும்தான். பின்பக்கம், பொடி எழுத்தில், பானத்தின் வகைப்பெயர் இருக்கும். அதை ஒட்டி ஒரு வாசகம்: காஃபீன் அதிகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 100 மில்லிலிட்டருக்கு 32 மில்லிகிராம் என்ற அளவு. இந்த வாசகம் 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கட்டாயம். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் அதை விடவில்லை.

அந்த 32ஐ ஐந்தால் பெருக்கினால்தான் டின் முழுக்க 160 மில்லிகிராம் என்பது தெரியும். மூடியைத் திறந்தால் திரும்ப மூட முடியாத டின் அது. யாரும் 100 மில்லிலிட்டர் குடித்துவிட்டு மிச்சத்தை எடுத்து வைப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பின்பக்கத்தைத் திருப்பிப் படித்து, பெருக்கிப் பார்த்து, தன் எடையோடு ஒப்பிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்று இந்த ஏற்பாடு எதிர்பார்க்கிறது. குழந்தைகளுக்கு உகந்ததில்லை என்று டின் ஒப்புக்கொள்கிறது. அதே டின்னைக் குழந்தையிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கல்லாவுக்குத் தடையில்லை. விற்பனைக் கட்டுப்பாடு என்பது இந்த இரண்டையும் ஒன்றாக்கும் வேலை. இந்த விவாதத்தின் அச்சாணி இதுதான்.

இந்தப் பானம் குழந்தைகளுக்காகப் பிறந்ததும் இல்லை. ஜப்பானில் 1962இல் லிப்போவிட்டான்-டி என்ற சத்து டானிக் சிறு பழுப்புக் குப்பியில் வந்தது. எழுபதுகளில் தாய்லாந்தில் கிராட்டிங் டேங் என்ற பானம் லாரி ஓட்டுநர்களிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் பரவியது. இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டியவர்களின் பானம் அது. அதை உருவாக்கிய சலியோ யூவித்யாவுடன் ஆஸ்திரியத் தொழிலதிபர் டீட்ரிஷ் மாடெஷிட்ஸ் கூட்டுச் சேர்ந்து, 1987 ஏப்ரலில் ரெட் புல் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். கார் பந்தயம், பனிச்சறுக்கு, வானிலிருந்து குதிப்பு என்று விளம்பரம் வேறு உலகத்தில் நடந்தது. லாரி ஓட்டுநரின் பானம் பள்ளிப் பையனின் கைக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

உடம்புக்குள் நடப்பது

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான ஏற்பிகளில் போய் ஒட்டும்போது களைப்பும் தூக்கமும் வருகின்றன. காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. கூடவே இதயத் துடிப்பு கூடலாம், ரத்த அழுத்தம் சற்று ஏறலாம், கை நடுங்கலாம். எனர்ஜி என்ற சொல்லுக்கு உரிய கலோரி சர்க்கரையிலிருந்து வருகிறது. கால் லிட்டர் டின்னில் 27 கிராம், ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி. டாரின் என்ற பொருள் 1827இல் காளையின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பெயரும் காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று டின்னில் இருப்பது ஆலையில் செய்த டாரின். குவாரனா என்று பட்டியலில் கண்டால், அது இன்னொரு வழியில் வந்த காஃபீன். அந்த விதையில் இயல்பாகவே காஃபீன் இருக்கிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட கருத்துரைப்படி, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் கவலைக்குரியதில்லை. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை அது வழிகாட்டியாக வைத்தது. நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 120 மில்லிகிராம். ஒரே ஓர் அரை லிட்டர் டின் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். பள்ளி விட்டு நாலு மணிக்கு ஒரு பையன் அந்த டின்னைக் குடித்தால், இந்தச் சராசரிக் கணக்கில் இரவு ஒன்பது மணிக்கு 80 மில்லிகிராம் இன்னும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் ஒரு சின்னக் கோப்பை எஸ்பிரஸ்ஸோ குடித்ததற்கு அது சமம். தூக்கம் தள்ளிப்போகிறது. காலையில் எழ முடியவில்லை. முதல் பாடவேளையில் தலை கவிழ்கிறது. அதைச் சரிசெய்ய வழியில் இன்னொரு டின். பிரிட்டன் ஆசிரியர்கள் இந்தப் பானங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருவது இந்தச் சுற்றினால்தான்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2011 டிசம்பரில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு நாளுக்குள் இரண்டு பெரிய டின் எனர்ஜி டிரிங்க் குடித்த பின் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தாள். அவளுக்கு ஏற்கெனவே பிறவிக் கோளாறு ஒன்று இருந்தது. பானமே காரணம் என்பதை நிறுவனம் மறுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதுபோன்ற சாவுகள் செய்தித்தாள்களில் பெரிதாக வருகின்றன. சட்டத்தின் நியாயத்தை அவற்றின் மேல் மட்டும் ஏற்றினால் அது ஆட்டம் காணும், ஏனென்றால் அவை மிக அரிது. லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் சத்தமில்லாமல் நடப்பது தூக்கக் குறைவு. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமி 2011லேயே, பிள்ளைகளின் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கான உப்புச்சத்துப் பானங்களையும் இவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிக்கை எச்சரித்தது.

அந்தக் குழப்பம் பின்னர் பெரிதானது. யூடியூப் பிரபலங்கள் லோகன் பாலும் கேஎஸ்ஐயும் 2022இல் பிரைம் என்ற பானத்தைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளில் பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையில் நின்று வாங்கிய அந்தப் பாட்டிலில் காஃபீன் கிடையாது. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே வண்ணக் கோலத்தில் பிரைம் எனர்ஜி வந்தது. அமெரிக்காவில் விற்ற 355 மில்லிலிட்டர் டின்னில் 200 மில்லிகிராம் காஃபீன். செனட்டர் சக் ஷூமர் அதை விசாரிக்கக் கோரி உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கும் கனடா, அந்த டின்களைத் திரும்பப் பெறச் சொன்னது.

தண்ணீரைவிட மலிவு

பிரிட்டனில் இந்தப் பானம் பிள்ளைகளிடம் இவ்வளவு பரவியதற்கு ருசியைவிட விலை பெரிய காரணம். 2018இல் அரசு கலந்தாய்வைத் தொடங்கியபோது, சில இடங்களில் ஒரு பவுண்டுக்கு நான்கு கால் லிட்டர் டின்கள் கிடைப்பதைச் சுட்டிக்காட்டியது. டின் ஒன்று 25 பென்னி. பள்ளிக்குப் போகும் வழியில் சில்லறைக் காசில் வாங்கக்கூடியது. காலை உணவு வீட்டில் கிடைக்காத பிள்ளைக்கு அதுவே காலை உணவாகவும் ஆகிவிடுகிறது. பையன்களிடமும், வசதி குறைந்த குடும்பங்களிலும், இங்கிலாந்தின் வட பகுதியிலும் இந்தப் பழக்கம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனர்ஜி டிரிங்க் குடிக்கும் பிரிட்டன் வளரிளம் பருவத்தினர் மாதம் சராசரியாக 3.1 லிட்டர் குடித்தார்கள் என்றும், மற்ற ஐரோப்பிய நாடுகளில் அது 2 லிட்டர் அளவே என்றும் 2013இல் வந்த ஐரோப்பிய ஆய்வு சொன்னது.

2018 ஏப்ரலில் வந்த சர்க்கரைத் தீர்வை இந்தப் பானங்களையும் தொட்டது. ஆனால் அது எடை போட்டது சர்க்கரையை மட்டுமே. சர்க்கரையே இல்லாத வகை தீர்வையிலிருந்து தப்பியது. அதிலிருக்கும் காஃபீன் அப்படியே இருந்தது.

அதே ஆண்டு மார்ச் மாதம் முதல் வெயிட்ரோஸ் சூப்பர் மார்க்கெட், பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தப் பானங்களை விற்பதைத் தானாகவே நிறுத்தியது. டெஸ்கோ, ஆஸ்டா, செயின்ஸ்பரிஸ், மோரிசன்ஸ், ஆல்டி, லிடில் என்று மற்றப் பெரிய கடைகளும் தொடர்ந்தன. சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் இது பிள்ளைகளுக்கானதில்லை என்ற இயக்கத்தை முன்னின்று நடத்தினார். ஆகஸ்டில் தெரசா மே அரசு, தடை வேண்டுமா, வேண்டுமென்றால் வரம்பு 16ஆ 18ஆ என்று மக்களிடம் கேட்டது. 2019 ஜூலை 22 அன்று, அவர் பதவி விலகுவதற்கு இரண்டு நாள் முன்பு வெளியான பொதுச் சுகாதார அறிக்கையில், பதினாறுக்குட்பட்டோருக்கு விற்பனை நிறுத்தப்படும் என்ற உறுதி இருந்தது. பிறகு பிரெக்ஸிட், பெருந்தொற்று, அடுத்தடுத்துப் பிரதமர்கள். உறுதி தாளிலேயே நின்றது. 2024 தேர்தலில் தொழிற்கட்சி அதைத் தன் வாக்குறுதியில் சேர்த்தது. 2025 செப்டம்பர் 3 அன்று சுகாதாரத் துறை அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் இங்கிலாந்துக்கான புதிய கலந்தாய்வை அறிவித்தார். நவம்பர் 26 வரை கருத்துக் கேட்கப்பட்டது. கடை, உணவகம், தானியங்கி எந்திரம், இணையம் எல்லாமே வரைவில் உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் குறைந்தது ஒரு டின்னாவது குடிக்கிறார்கள் என்பது அரசு தந்த மதிப்பீடு. முதல் கலந்தாய்வு நடந்தபோது பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இரண்டாவது கலந்தாய்வு நடக்கும்போது பதினேழு வயது. இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வேண்டியிருந்ததோ அவர்கள் அதற்குள் வளர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

சான்று போதுமா?

தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. பிரிட்டன் மக்களவையின் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2018 டிசம்பரில் தந்த அறிக்கை, கிடைத்திருக்கும் எண்ணளவுச் சான்றுகளை மட்டும் வைத்துச் சட்டப்படியான தடையை நியாயப்படுத்த முடியாது என்றது. காபி, தேநீரைக் குடிக்கும் விதத்திலிருந்து இவற்றைப் பிள்ளைகள் குடிக்கும் விதம் பெரிதும் மாறுபடுகிறதா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அதே அறிக்கை, சமூகக் கவலைகளை வைத்து அரசு தடை விதிக்க முடிவெடுத்தால் அது நியாயமாகவே இருக்கலாம் என்றும் எழுதியது. இந்த இரண்டாவது பகுதியைத் தொழில்துறையினர் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

அதன் பிறகு சான்று கூடியிருக்கிறது. டீசைட் பல்கலைக்கழகப் பேராசிரியர் அமீலியா லேக் உள்ளிட்ட குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வு, 21 நாடுகளுக்கு மேற்பட்ட 12 லட்சம் பிள்ளைகள், இளையோர் பற்றிய 57 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இந்தப் பானங்களைக் குடிப்போரிடம் தூக்கக் குறைவு, படிப்பில் பின்னடைவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. அதே மாதம் வந்த நார்வே ஆய்வு, 18 முதல் 35 வயது வரையுள்ள 53,266 மாணவர்களைப் பார்த்தது. தினமும் குடிப்பவர்கள், எப்போதாவது குடிப்பவர்களைவிட அரைமணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள்.

இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். தூக்கம் கெட்டதால் பானமா, பானத்தால் தூக்கம் கெட்டதா என்பதை இவை பிரித்துச் சொல்வதில்லை. மனம் நொந்த பிள்ளை பானத்தைத் தேடிப் போயிருக்கலாம். தீர்மானமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் எனர்ஜி டிரிங்க் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படியொரு சோதனையை எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. கிடைக்கவே முடியாத சான்றுக்காகக் காத்திருப்பது, எதுவும் செய்யாமலிருப்பதற்குச் சமம். காஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதற்கோ புதிய சான்று எதுவும் தேவையில்லை. அந்தப் பானங்கள் விற்பதே அதைச் சொல்லித்தான்.

தேநீரிலும் காஃபீன் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. ஒரு கோப்பைத் தேநீரில் 50 மில்லிகிராம், ஒரு கோப்பை வடிகட்டிய காபியில் 90 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆனால் தேநீர் சூடானது, ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். காபியின் கசப்பே பிள்ளையைத் தள்ளி நிறுத்தும். டின் பானம் சில்லென்று, இனிப்பாக, மடக்மடக்கென்று இறங்கும். தேநீருக்கு யாரும் கார் பந்தயம் நடத்தி விளம்பரம் செய்வதில்லை.

கல்லாவில் நிற்பவர்

போலந்துச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல், லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் சேர்த்த பானங்களோடு டாரின் சேர்த்தவற்றையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. பள்ளி வளாகத்திலும் தானியங்கி எந்திரத்திலும் யாருக்கும் விற்கக் கூடாது. எந்திரத்தால் முகத்தைப் பார்த்து வயதைக் கேட்க முடியாது என்பதால் இந்த முடிவு. மீறிய கடைக்காரருக்கு 2,000 ஸ்வோட்டி வரை அபராதம்.

பிரிட்டனில் பெரிய கடைகள் பதினாறுக்குட்பட்டோருக்கு ஏற்கெனவே விற்காத நிலையில், சட்டம் வந்தால் அதன் பாரம் சின்னக் கடைகள் மேல்தான் விழும். தானாக ஒதுங்கிக்கொண்ட கடைக்கும் விற்றுக்கொண்டே இருக்கும் கடைக்கும் நடுவில் நியாயமில்லாத போட்டி ஒன்று இப்போது இருக்கிறது. அரை மைலுக்கு ஒன்றாக இருக்கும் மூலைக்கடைகளும் பெட்ரோல் நிலையக் கடைகளும்தான் பள்ளி விடும் நேரத்தில் நிரம்புகின்றன. லண்டனிலும் அதைச் சுற்றியும் இவற்றில் பலவற்றை ஈழத்தமிழர் குடும்பங்கள் நடத்துகின்றன. விடியற்காலையில் கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையில் சரக்கெடுத்து வந்து, இரவு பதினொரு மணி வரை ஒருவரோ இருவரோ மாறி மாறிக் கல்லாவில் நிற்கும் கடைகள் அவை. மது, சிகரெட் என்றால் 25 வயதுக்குக் கீழே தெரிபவரிடமெல்லாம் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. பதினாறு என்ற வரம்பு வேறு விதம். அந்த வரம்பு இன்று ஸ்பிரே பெயிண்ட், பெட்ரோல் போன்ற சில பொருள்களுக்கே இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஓட்டுநர் உரிமம் இருக்காது. பதினாறு வயதுப் பிள்ளையிடமும் பெரும்பாலும் எந்த அட்டையும் இருக்காது. சீருடையில் ஆறு பேர் கும்பலாக வந்து நிற்கும்போது, மறுப்பவர் அந்த ஒற்றைக் கடைக்காரர்தான். சட்டம் இருந்தால் அவர் அதைக் காட்டி மறுக்கலாம். இல்லாவிட்டால் மறுப்பு அவருடைய சொந்த விருப்பமாகத் தெரியும், வாடிக்கையும் போகும். கடைக்காரரைக் காப்பதும் சட்டத்தின் வேலைகளில் ஒன்று என்பது இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

அண்ணன் வாங்கித் தம்பிக்குக் கொடுப்பதை எந்தக் கல்லாவாலும் தடுக்க முடியாது. 150 மில்லிகிராம் என்று கோடு போட்டால், 148இல் ஒரு புதுப் பானம் வரவும் இடமிருக்கிறது. பந்தயக் காரின் மேலும் வீரரின் தொப்பியிலும் இருக்கும் சின்னத்தை விற்பனைச் சட்டம் தொடாது. மதுவுக்கும் புகையிலைக்கும் வந்த சட்டங்களிலும் இதே ஓட்டைகள் இருந்தன. விற்பனையைத் தடுத்த பிறகுதான் விளம்பரத்தைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது.

இந்தியாவில்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் இவற்றைக் காஃபீன் சேர்த்த பானம் என்ற வகையில் வைத்திருக்கிறது. லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம் என்றும் அச்சிட வேண்டும். எச்சரிக்கை ஐரோப்பாவில் இருப்பதைவிட நீளம். வாங்குபவரின் வயதைக் கேட்கச் சொல்லும் நாடு தழுவிய சட்டம் கிடையாது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. அது சர்க்கரையைப் பார்க்கிறது, காஃபீனைப் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் 2024 ஜூலையில், காஃபீன் மிகுந்த பானங்களைப் பள்ளிகளிலிருந்து 500 மீட்டருக்குள் விற்கத் தடை கொண்டுவரப்படும் என்று அமைச்சர் சட்ட மேலவையில் அறிவித்தார்.

தூரத்தை வைத்துப் போடும் தடைக்கும் வயதை வைத்துப் போடும் தடைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பள்ளி வாசலைக் காக்கும். பிள்ளை வீட்டுக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் அது முடிந்துவிடும். தமிழ்நாட்டின் பெட்டிக்கடைகளில் முன்பக்கம் கண்ணாடி போட்ட குளிர்பெட்டியின் முதல் தட்டிலேயே, கால் லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 20 ரூபாய்க்கு நிற்கிறது. அதன் பின்பக்கத்தில் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரி ஆங்கிலத்தில் இருக்கிறது.